நள்ளிரவுக்கு முன் ஒரு வாழ்த்து, பின் ஒரு வாழ்த்து

1986 டிசம்பர் 31 இரவு. மேற்கு ஜெர்மனியின் ஏ.ஆர்.டி. தொலைக்காட்சியில் அன்றைய சான்ஸலர் ஹெல்முட் கோல் நாட்டு மக்களுக்குப் புத்தாண்டு உரை ஆற்றினார். 1987 பிறக்கச் சில மணி நேரமே இருந்தது. ஆனால் திரையில் ஓடியதோ 1986-ஐ வரவேற்பதற்காக ஓராண்டுக்கு முன் பதிவு செய்த பழைய உரை. நாடா மாறிப்போயிருந்தது. மறுநாள் சரியான உரையை ஒளிபரப்பி, நிலையம் மன்னிப்புக் கேட்டது. அரசியலை மறந்துவிட்ட ஜெர்மானியர்கள்கூட இந்தச் சம்பவத்தை மறக்கவில்லை.

ஜெர்மன் பேசும் நாடுகளில் ஆண்டின் கடைசி இரவுக்கென்று ஒரு நிகழ்ச்சி நிரலே இருக்கிறது. தலைவரின் உரை, தொலைக்காட்சி நாடகம், தட்டில் விழும் பண்டம், கோப்பையில் ஊற்றும் பானம், எந்த நிமிடம் வரை எந்த வாழ்த்து என எல்லாவற்றுக்கும் வழக்கம் உண்டு. புத்தாண்டு உரை சான்ஸலருக்கு, கிறிஸ்துமஸ் உரை குடியரசுத் தலைவருக்கு என்ற பங்கீடு 1970 முதல் மாறவே இல்லை. இவ்வளவு கட்டுக்கோப்பான இரவு அக்மார்க் ஜெர்மன் சரக்காகத்தான் இருக்கும் என்று தோன்றும். கிட்டே போய்ப் பார்த்தால் கதை வேறு. ரோமாபுரிப் போப் ஒருவரின் பெயர், லத்தீன் வாழ்த்து, சுவிட்சர்லாந்தின் பாலாடைக்கட்டி, மெக்சிகோவின் செடி, இங்கிலாந்தின் நகைச்சுவை நடிகர், தமிழ்நாட்டின் மிளகு ரசம் எல்லாம் சேர்ந்துதான் அந்த இரவு.

இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே சில நாட்கள்

முதலில் பெயர். டிசம்பர் 31-ஐ ஜெர்மானியர் 'ஸில்வெஸ்டர்' என்கிறார்கள். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த போப் முதலாம் சில்வெஸ்டர் 335-ஆம் ஆண்டு டிசம்பர் 31-இல் மறைந்தார். கத்தோலிக்க நாட்காட்டியில் அது அவருடைய நினைவு நாள் ஆனது. ஆண்டின் கடைசி நாளும் அதுவே ஆனதும், அவர் பெயர் கொண்டாட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. பட்டாசுக்கும் மதுவுக்கும் அந்தப் போப்புக்கும் வேறு எந்தச் சம்பந்தமும் இல்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு இன்னொரு சொல்வழக்கு புழக்கத்துக்கு வரும்: 'ட்ஸ்விஷன் டேன் யாரன்', அதாவது ஆண்டுகளுக்கு நடுவே. "அந்த வேலையை ஆண்டுகளுக்கு நடுவே முடித்துவிடலாம்" என்றால், கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் என்று பொருள். பல நிறுவனங்கள் அப்போது மூடிக் கிடக்கும். ஓர் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் இடையில் நாட்கள் எங்கிருந்து வந்தன? இடைக்கால ஐரோப்பாவில் ஆண்டுப் பிறப்பு ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. சில இடங்களில் டிசம்பர் 25, சில இடங்களில் ஜனவரி 1, இன்னும் சில இடங்களில் ஜனவரி 6. 1691-இல் போப் பன்னிரண்டாம் இன்னொசென்ட் ஜனவரி 1-ஐ உறுதி செய்தார். அதற்குள் இன்னொரு குழப்பமும் நடந்துகொண்டிருந்தது. 1582-இல் வந்த கிரிகோரியன் நாட்காட்டியைக் கத்தோலிக்கப் பகுதிகள் விரைவிலேயே ஏற்றுக்கொண்டன; புராட்டஸ்டன்ட் பகுதிகள் 1700 வரை இழுத்தடித்தன. அந்த ஆண்டில் அவர்களுக்குப் பிப்ரவரி 18-க்கு மறுநாளே மார்ச் 1 பிறந்தது. இப்படி ஆற்றுக்கு அக்கரையில் ஒரு தேதி, இக்கரையில் ஒரு தேதி என்று வாழ்ந்தவர்களுக்கு, எந்த ஆண்டிலும் சேராத நாட்கள் சில உண்டு என்ற நினைப்பு வந்ததில் வியப்பில்லை.

அந்த நாட்களின் இரவுகளுக்கு ஆல்ப்ஸ் பகுதியில் பயங்கரக் கதைகளும் உண்டு. கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 6 வரையிலான பன்னிரண்டு இரவுகளில் பேய்ப்படை ஒன்று வானத்தில் வேட்டையாடிக்கொண்டு போகும் என்பது பழைய நம்பிக்கை. வெளியே துணி காயப்போட்டால் அந்தப் படை கொடியில் சிக்கிக்கொள்ளும், வீட்டுக்குக் கேடு. பேயை நம்பாத எத்தனையோ குடும்பங்களில் இன்றும் அந்த வாரம் துணி துவைப்பதில்லை.

வழுக்கிக்கொண்டு போகும் வாழ்த்து

டிசம்பர் கடைசியில் பேக்கரியில், பேருந்தில், அலுவலக மின்தூக்கியில் திரும்பத் திரும்பக் காதில் விழுவது 'கூட்டன் ருட்ச்'. நேர்ப்பொருள் 'நல்ல வழுக்கல்'. முழுதாகச் சொன்னால், புத்தாண்டுக்குள் நல்லபடியாக வழுக்கிச் செல்லுங்கள். பனி உறைந்த தெருவில் கால் இடறாமல் நடக்கச் சொல்கிறார்களோ என்று புதிதாகக் குடியேறியவர்கள் திகைப்பார்கள்.

இந்த வாழ்த்தின் பிறப்பைப் பற்றி வெகுநாளாக ஒரு விளக்கம் சுற்றிவருகிறது. யூதர்களின் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவில் உள்ள 'ரோஷ்' என்ற எபிரேயச் சொல்தான் 'ருட்ச்' ஆனது என்பது அது. கேட்க அழகாக இருந்தாலும் மொழியியலாளர் பலர் இதை ஏற்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனில் 'ருட்ச்' என்ற சொல் சிறு பயணத்தையும் குறித்தது. நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் என்று பயணிக்குச் சொன்ன வாழ்த்தே, ஆண்டைக் கடப்பவருக்கும் சொல்லப்பட்டது என்பதே அவர்கள் தரும் விளக்கம். இன்றும் 'நல்லபடியாக உள்ளே வந்து சேருங்கள்' என்று இன்னொரு வாழ்த்து வழக்கில் இருப்பது இதற்குப் பொருந்திப்போகிறது.

இந்த வாழ்த்துக்குக் காலக்கெடு உண்டு. நள்ளிரவு பன்னிரண்டு அடித்தால் அதன் ஆயுள் முடிந்தது. அதன் பிறகு 'ஃப்ரோஹஸ் நோயஸ் யார்', அதாவது மகிழ்ச்சியான புத்தாண்டு. பேச்சில் இதையும் சுருக்கி வடக்கே 'ஃப்ரோஹஸ் நோயஸ்' என்றும் தெற்கே 'கூட்டஸ் நோயஸ்' என்றும் சொல்வார்கள். சுவிட்சர்லாந்தில் அது 'எஸ் குவெட்ஸ் நோய்ஸ்'. இதை டிசம்பர் 31 மாலையே சொல்லிவிட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். வராத ஆண்டுக்கு முன்கூட்டியே வாழ்த்தினால் அதிர்ஷ்டம் போய்விடும் என்பது அவர்கள் எண்ணம். பிறந்தநாள் வாழ்த்தை ஒருநாள் முன்னதாகச் சொன்னாலும் ஜெர்மானியர்கள் இதே போலத்தான் பதறுவார்கள்.

நள்ளிரவில் கோப்பைகள் உரசும்போது 'ப்ரோஸிட் நொய்யார்' என்பார்கள். 'ப்ரோஸிட்' லத்தீன். 'நன்மை பயக்கட்டும்' என்று பொருள். பல்கலைக்கழக மாணவர்களின் மது மேசைகளில் புழங்கி ஊரெங்கும் பரவிய சொல். ஜெர்மானியர் குடிக்கும்போது சொல்லும் 'ப்ரோஸ்ட்' அதன் தேய்ந்த வடிவம்தான்.

பன்றியும் நான்கிலைச் செடியும்

அந்த வாரம் ஜெர்மன் கடைகளின் கல்லாவுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத் தொட்டிகள் வரிசையாக நிற்கும். தொட்டிக்குள் நான்கு இலைகள் கொண்ட சிறு செடி, மண்ணில் செருகிய கம்பியின் நுனியில் கறுப்புத் தொப்பியும் ஏணியுமாக ஒரு பொம்மை மனிதன். ஒருவருக்கொருவர் இதை வாங்கிப் பரிசளிப்பார்கள். நான்கிலை க்ளோவர் அதிர்ஷ்டம் என்பது ஐரோப்பா முழுக்க உள்ள நம்பிக்கை. புல்வெளியில் தேடினால் மூன்றிலைதான் கிடைக்கும். நான்கிலை அரிது என்பதால்தான் அதற்கு மதிப்பு. ஆனால் கடைத் தொட்டியில் எல்லாச் செடிக்கும் நான்கிலை எப்படி? அது க்ளோவரே இல்லை. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட, புளியாரை இனத்துச் செடி. நான்கிலைதான் அதன் இயல்பு.

பொம்மை மனிதன் புகைபோக்கி சுத்தம் செய்யும் தொழிலாளி. விறகும் நிலக்கரியும் எரித்த காலத்தில் புகைபோக்கி அடைத்துக்கொண்டால் வீடு தீப்பிடிக்கும், அல்லது புகை வீட்டுக்குள் தங்கி ஆளைக் கொல்லும். அவர் வந்துபோனால் வீடு பிழைத்தது. அந்த நன்றிதான் நம்பிக்கையாக நின்றது. தெருவில் அவரைக் கண்டால் சட்டைப் பொத்தானைத் தொட்டுக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அவரும் கோபித்துக்கொள்வதில்லை.

பன்றி இன்னொரு அதிர்ஷ்டச் சின்னம். வீட்டில் பன்றி இருந்தால் குளிர்காலம் முழுக்க இறைச்சிக்கும் கொழுப்புக்கும் குறைவில்லை. எதிர்பாராமல் தப்பித்தவரைப் பார்த்து 'உனக்குப் பன்றி கிடைத்தது' என்று சொல்வது அன்றாடப் பேச்சு. நம் ஊரில் பன்றி என்றால் வசவு; அங்கே அது பாராட்டு. புத்தாண்டுக்கு ரோஸ் நிறத்தில் கட்டைவிரல் அளவு மார்சிபன் பன்றிகள் விற்கும். பாதாம் பருப்பையும் சர்க்கரையையும் அரைத்துச் செய்யும் இந்த இனிப்புக்குப் பேர்போன நகரம் வடக்கே உள்ள லூபெக்.

அதிர்ஷ்டக் காசும் உண்டு. பளபளக்கும் ஒரு ஃபென்னிக் காசைப் பர்ஸில் வைத்துக்கொள்வது வழக்கம். 2002-இல் யூரோ வந்து ஃபென்னிக் செல்லாக்காசான பின், ஒரு சென்ட் நாணயம் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. பெயர் மட்டும் பலர் வாயில் இன்னும் 'அதிர்ஷ்ட ஃபென்னிக்'தான்.

மிஸ் சோபியின் மேசையில் மிளகு ரசம்

மாலை ஆனதும் தொலைக்காட்சிக்கு முன் குடும்பம் கூடும். 'டின்னர் ஃபார் ஒன்' என்ற பதினெட்டு நிமிட நாடகம் ஒன்று கறுப்பு வெள்ளையில் ஓடும். பேச்சு முழுக்க ஆங்கிலம். மிஸ் சோபி என்ற செல்வச் சீமாட்டிக்குத் தொண்ணூறாவது பிறந்தநாள். விருந்துக்கு நான்கு பழைய நண்பர்களுக்கு அழைப்பு. நால்வருமே எப்போதோ இறந்துவிட்டார்கள். வயதான பணியாள் ஜேம்ஸ் காலி நாற்காலிகளுக்குப் பரிமாறி, நால்வர் சார்பிலும் தானே கோப்பைகளைக் காலி செய்ய வேண்டும். நான்கு உணவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மது, ஒவ்வொரு மதுவுக்கும் நான்கு கோப்பை. தரையில் விரித்த புலித்தோலின் தலையில் அவர் கால் தட்டும் ஒவ்வொரு முறையும் வீடே சிரிக்கும். பதினொரு முறை தட்டுகிறார்.

ஜெர்மன் தொலைக்காட்சிக் கலைஞர் பீட்டர் ஃப்ராங்கன்ஃபெல்ட் 1962-இல் இங்கிலாந்தின் பிளாக்பூல் கடற்கரை நகரில் இந்த நாடகத்தைக் கண்டு, நடிகர்களை அழைத்துவந்தார். 1963-இல் ஹாம்பர்க்கில் பார்வையாளர் முன் பதிவானது. ஜேம்ஸாக ஃப்ரெடி ஃப்ரின்டன், மிஸ் சோபியாக மே வார்டன். ஃப்ரின்டன் 1968-இல் இறந்துபோனார். நாடகம் டிசம்பர் 31-க்கென்று நிரந்தரமானது 1972 முதல்தான். அதிக முறை மறுஒளிபரப்பான நிகழ்ச்சி என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்த தன் புகழை அவர் பார்க்கவே இல்லை. அவருடைய சொந்த நாட்டிலோ 2018 வரை தேசியத் தொலைக்காட்சி எதுவும் இதைக் காட்டியதில்லை.

கதை புத்தாண்டைப் பற்றியது அல்ல. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் முன் ஜேம்ஸ் போன வருஷம் போலவேதானா என்று கேட்க, எல்லா வருஷமும் போலவேதான் என்று சீமாட்டி பதில் சொல்லுவார். அந்தப் பதில் ஜெர்மன் மொழிக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டது. அலுவலகக் கூட்டத்திலும் பத்திரிகைத் தலைப்பிலும் அதை ஆங்கிலத்திலேயே சொல்கிறார்கள்.

தமிழ் வாசகருக்கு இந்த நாடகத்தில் தனிச் சுவை ஒன்று காத்திருக்கிறது. விருந்தில் ஜேம்ஸ் முதலில் பரிமாறும் சூப் 'முல்லிகட்டானி'. சென்னை மாகாணத்து வெள்ளைக்காரர்கள் நம் மிளகுத்தண்ணியைக் குடித்துப் பழகி, இறைச்சியும் பருப்பும் சேர்த்துச் சூப்பாக்கிக் கப்பலேற்றினார்கள். பெயரும் கூடவே போனது. ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ஜெர்மானியர் கேட்டுச் சிரிக்கும் அந்த மேசையில், பெயர் திரிந்த ஒரு தமிழ்ச் சொல் முதல் பந்தியில் அமர்ந்திருக்கிறது.

ஈயம் போனது, வழக்கம் போகவில்லை

நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டுமே, அதற்கேற்ற சாப்பாடு ராக்லெட். சுவிட்சர்லாந்தின் வாலைஸ் பகுதியில் பிறந்த இது இப்போது ஜெர்மன் வீடுகளின் புத்தாண்டு உணவு. மேசை நடுவே மின்அடுப்பு. ஆளுக்கொரு சின்ன வாணல். பாலாடைக்கட்டியை அதில் உருக்கி, வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் வழித்துவிட்டுச் சாப்பிட வேண்டும். ஒரு வாணல் உருகச் சில நிமிடம் ஆகும். பேசிக்கொண்டே மூன்று மணி நேரம் ஓட்டிவிடலாம்.

பின்னிரவில் வருவது ஜாம் அடைத்து எண்ணெயில் பொரித்த இனிப்புப் பன். உருவத்தில் நம் மைசூர் போண்டாவின் அண்ணன். பெரும்பாலான ஊர்களில் இதன் பெயர் 'பெர்லினர்', பெர்லினிலோ 'ஃபன்கூகன்', பவேரியாவில் 'க்ராப்ஃபன்'. தட்டில் உள்ள ஒன்றில் மட்டும் ஜாமுக்குப் பதில் கடுகு விழுது இருக்கும். யார் வாயில் அது சிக்குகிறதோ அவர்தான் அன்றைய வேடிக்கை. சில வீடுகளில் காசு சேர வேண்டும் என்று பருப்புச் சூப் வைப்பார்கள். கெண்டை மீன் சமைக்கும் வீடுகளில் ஒரு செதிலைக் கழுவித் துடைத்து ஆண்டு முழுக்கப் பர்ஸில் வைத்திருப்பார்கள்.

குறி பார்ப்பதும் உண்டு. கரண்டியில் ஒரு சிறு ஈயத் துண்டை வைத்து மெழுகுவத்திச் சுடரில் உருக்கி, குளிர்ந்த நீரில் சட்டென்று ஊற்றுவார்கள். 'சுஸ்ஸ்' என்ற சத்தத்துடன் அது விசித்திர வடிவில் உறையும். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துச் சுவரில் விழும் நிழலைப் பார்த்துப் பலன் சொல்ல வேண்டும். உருண்டை என்றால் அதிர்ஷ்டம் உருண்டு வருகிறது. நங்கூரம் என்றால் ஆபத்தில் உதவி கிடைக்கும். ஈயம் நச்சு, அதுவும் குழந்தைகளுக்குப் பெருங்கேடு. 2018 முதல் ஐரோப்பிய ஒன்றிய விதி இத்தகைய பொருட்களில் ஈயத்தை 0.3 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தியதும், பழைய பொட்டலங்கள் கடைகளிலிருந்து மறைந்தன. அந்த இடத்தில் வெள்ளீயமும் மெழுகும் வந்துவிட்டன. மெழுகு மெதுவாக உறைகிறது, 'சுஸ்ஸ்' சத்தம் இல்லை என்று பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். ஆனாலும் உருக்கி ஊற்றுவது நிற்கவில்லை.

பன்னிரண்டு மணி

ஸெக்ட் என்ற நுரைமது திறக்கும் நேரம். ஒரு பாட்டிலுக்கு ஏறத்தாழ 1.02 யூரோ தனி வரி உண்டு. 1902-இல் கைசர் இரண்டாம் வில்ஹெல்மின் கடற்படையைப் பெருக்குவதற்காக வந்த வரி என்று ஊரறியச் சொல்லப்படுவது இது. கைசரும் போய் அவர் கப்பல்களும் கடலடியில் துருப்பிடித்துவிட்டன. வரி மட்டும் நடுவில் சில ஆண்டுகள் நின்று மீண்டும் வந்து நிலைத்துவிட்டது.

வியன்னாவில் புனித ஸ்டீபன் தேவாலயத்தின் பெரிய மணி முழங்க, தொடர்ந்து வானொலியில் 'நீல டான்யூப்' வால்ட்ஸ் ஒலிக்கும். தெருவில் நிற்பவர்கள் அங்கேயே ஜோடி சேர்ந்து ஆடத் தொடங்குவார்கள். பெர்லினில் பிராண்டன்பர்க் வாயில் அருகே பெருங்கூட்டம். 1989-இன் கடைசி இரவில், பெர்லின் சுவர் திறந்து ஏழு வாரமே ஆகியிருந்தபோது, கிழக்கும் மேற்கும் அங்கே கட்டிப்பிடித்துப் புத்தாண்டை வரவேற்றதை நேரில் கண்டவர்கள் இன்றும் சொல்லிக் கேட்கலாம்.

ஊரெங்கும் பட்டாசு. ஜெர்மனியில் பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு, பொதுவாக டிசம்பர் 29 முதல் 31 வரை மட்டுமே விற்பனை. வெடிக்க இரண்டே நாள்: 31-உம் ஜனவரி 1-உம். தேவாலயம், மருத்துவமனை, முதியோர் இல்லம், தீப்பிடிக்கக்கூடிய பழைய மரச்சட்ட வீடுகள் அருகே தடை. இத்தனை விதி இருந்தும் விலை பெரிது. 2020 பிறந்த இரவில் கிரெஃபெல்ட் உயிரியல் பூங்காவின் குரங்குக் கூடம், யாரோ பறக்கவிட்ட வான்விளக்கால் எரிந்து, முப்பதுக்கும் மேற்பட்ட விலங்குகள் மாண்டன. இரண்டு சிம்பன்சிகள் உயிர் பிழைத்தன. 2025 பிறந்த இரவில் பட்டாசு விபத்துகளில் ஐந்து பேர் இறந்தனர். கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 2,000 டன் நுண்துகள் பட்டாசிலிருந்து காற்றில் கலக்கிறது. அதில் பெரும்பகுதி அந்த ஓர் இரவில்.

தனியார் பட்டாசுக்குத் தடை வேண்டும் என்று பெர்லின் காவலர் சங்கம் தொடங்கிய மனுவில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். 'பட்டாசுக்குப் பதில் ரொட்டி' என்று சொல்லி, அந்தப் பணத்தை ஏழை நாடுகளின் பசிக்குத் தரும்படி தேவாலய அமைப்புகள் 1980-களிலிருந்தே கேட்டுவருகின்றன. தீபாவளிக்கு மணிக்கணக்கு வைத்து வெடிக்கும் நமக்கு இந்த வாதம் புதிதல்ல. தீயணைப்பு வீரரும் செவிலியரும் ஆண்டுதோறும் அஞ்சி எதிர்கொள்ளும் ஓர் இரவைத் திருவிழா என்று சொல்லிக்கொண்டே போக முடியாது. ஈயத்தை விட்டும் குறி பார்ப்பதை விடாதவர்களால் வெடியை விட்டும் கொண்டாட முடியும்.

இசை, ஊறுகாய் மீன், முகமூடி

லைப்சிக் நகரம் ஏற்கெனவே ஒரு வழி காட்டியிருக்கிறது. 1918 டிசம்பர் 31, முதல் உலகப் போர் முடிந்து சில வாரங்கள். இசை நடத்துநர் ஆர்தர் நிகிஷ் தொழிலாளர்களுக்காக பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை இரவு பதினொரு மணிக்குத் தொடங்கினார். கடைசிப் பகுதியின் பாடல் புத்தாண்டு பிறக்கும் வேளையில் ஒலிக்க வேண்டும் என்பது கணக்கு. ஆண்டு இறுதியில் அந்தச் சிம்பொனியை வாசிக்கும் வழக்கம் அங்கே இன்றும் தொடர்கிறது. ஜெர்மனியின் வேறு பல நகரங்களுக்கும் பரவிவிட்டது.

ஜனவரி 1 காலை வியன்னா ஃபில்ஹார்மோனிக்கின் கச்சேரி. முதல் கச்சேரி 1939 டிசம்பர் 31-இல், நாஜி ஆட்சியின் போர்க்கால நிவாரண நிதிக்காக நடந்தது. அந்த இருண்ட தொடக்கத்தை இசைக்குழு வரலாற்றாய்வாளர்கள் மூலம் ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறது. பிற்காலத்தில் மும்பையில் பிறந்த ஸுபின் மேத்தா ஐந்து முறை அந்த மேடையில் நின்று நடத்தியிருக்கிறார். மதியம் கார்மிஷ்-பார்டன்கிர்ஹனில் பனிச்சறுக்குத் தாண்டல் போட்டி. முந்தைய இரவின் தலைவலியைக் 'காட்டர்', அதாவது ஆண்பூனை என்பார்கள். அதற்கு மருந்து வினிகரில் ஊறிய ஹெர்ரிங் மீன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால், சுவிட்சர்லாந்தின் அப்பன்ஸெல் மலைப்பகுதியில் இன்னொரு ஆண்டுக் கடைசி பாக்கி இருக்கிறது. உர்னேஷ் என்ற கிராமத்திலும் அதைச் சுற்றியுள்ள இடங்களிலும் டிசம்பர் 31-உடன் ஜனவரி 13-ஐயும் கொண்டாடுகிறார்கள். பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி அதுதான் டிசம்பர் 31. போப் கொண்டுவந்த நாட்காட்டி வேண்டாம் என்று புராட்டஸ்டன்ட் மக்கள் முரண்டுபிடித்ததன் எச்சம்.

அன்று விடியுமுன் 'க்ளாவ்ஸ்' எனப்படும் முகமூடி ஆண்கள் குழுக்களாகப் பண்ணை பண்ணையாகக் கிளம்புவார்கள். 'அழகர்கள்' தலையில் மேசை அகலத் தலைப்பாகை. அதன் மேல் பால் கறப்பது, மரம் அறுப்பது போன்ற கிராமக் காட்சிகள் மரப் பொம்மைகளாகச் செதுக்கி வைத்திருக்கும். 'அழுக்கர்கள்' வைக்கோலும் சருகும் மரக்கிளையும் போர்த்தி, பல்லும் கொம்பும் கொண்ட முகமூடி அணிவார்கள். மார்பிலும் முதுகிலும் கனத்த மாட்டுமணிகள். வீட்டு வாசலில் மணிகளைக் குலுக்கி நிறுத்தி, சொற்களே இல்லாத 'ஸோய்ர்லி' என்ற யோடல் பாட்டை மூன்று முறை பாடி, வீட்டார் ஒவ்வொருவரின் கையையும் குலுக்கி நல்லாண்டு வாழ்த்துச் சொல்வார்கள். வீட்டார் மது கொடுப்பார்கள். முகமூடியைக் கழற்றாமல் உறிஞ்சுகுழல் வழியே குடித்துவிட்டு அடுத்த பண்ணைக்கு நடப்பார்கள்.

ஜனவரி 13 ஞாயிற்றுக்கிழமையாக வந்தால் விழா முந்தைய சனிக்கிழமைக்கு மாறும். உர்னேஷுக்கு ஹெரிஸாவிலிருந்து ரயில் போகிறது. டிசம்பர் 31-ஐத் தவறவிட்டவர் அதில் ஏறி, இருட்டோடு போய் இறங்கினால் போதும். மணிச்சத்தம் வழி சொல்லும்.